எழுத்தாலான உலகங்களைக் கட்டிக் காக்கும் பணியில் சேர விரும்பும் புதியவர்களுக்கு

படம் இல்லை, ஒலி இல்லை, கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே ஓடும். வடக்கே போவதற்கான ஓரெழுத்துக் கட்டளையைத் தட்டினால் அடுத்த அறையின் வருணனை வரும். அதே அறையில் வேறொரு கண்டத்திலிருந்து இணைந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தால் அவர் பேசுவது அதற்கடுத்த வரியாக வரும். பலர் சேர்ந்து ஆடும் நிலவறை என்று பொருள்படும் ‘மல்டி-யூசர் டன்ஜன்’ என்பதன் மூன்று முதலெழுத்துகளைச் சேர்த்து ‘மட்’ என்று அழைக்கப்படும் இந்த விளையாட்டு வகை, 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் எழுதத் தொடங்கி, 1980-இல் ரிச்சர்ட் பார்ட்டில் பொறுப்பேற்று வளர்த்தது. அன்று தொடங்கிய மரபு இன்னும் அறுபடவில்லை. 1990-இல் பின்லாந்தில் தோன்றிய பேட்மட், 1991 முதல் இயங்கும் டிஸ்க்வேர்ல்டு மட் போன்றவை முப்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துவோர் ஊதியம் வாங்காதவர்கள். அலுவலகமோ கல்லூரியோ முடிந்து வந்து, இரவில் ஓரிரண்டு மணி நேரம் உட்கார்ந்து அறை எழுதுபவர்களும் பிழை திருத்துபவர்களும்தான் அவர்கள். அந்த வரிசையில் சேர நினைப்பவருக்காகவே இக்கட்டுரை.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதியவர்களில் பலர் தமக்கென்று தனி உலகம் ஒன்றைத் தொடங்கும் ஆசையோடு வருகிறார்கள். அந்த ஆசையைச் சில ஆண்டுகளுக்கு ஒத்திவையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பை இறக்கி ஓடவிடுவதற்கு ஒரு மாலை போதும். ஆனால் அதற்குள் பத்துப் பேர் வந்து தங்குவதற்கு வேண்டிய உழைப்பு எப்படிப்பட்டது என்பது, ஏற்கெனவே ஓடும் ஓர் உலகத்தில் வேலை செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் உலகங்களில் ஆள் பற்றாக்குறை எப்போதும் உண்டு.

முதற்படி: ஆடுங்கள், பிழைகளை எழுதி அனுப்புங்கள்

எந்த மட்டில் பணியாற்ற விரும்புகிறீர்களோ அதில் குறைந்தது இரண்டு மூன்று மாதங்களாவது ஆட்டக்காரராக இருக்க வேண்டும். டெல்நெட் என்ற பழைய இணைப்பு நிரலை மட்டும் கொண்டும் இணையலாம். ஆனால் மட்லெட், டின்டின்++ போன்ற கிளையன்ட் மென்பொருள் இருந்தால் பதிவுகளைச் சேமிப்பதும் வரைபடம் வைத்துக்கொள்வதும் எளிது. முகவரியோடு, அந்தக் கணினியில் எந்த வாயில் வழியே நுழைவது என்று காட்டும் போர்ட் எண்ணும் தேவைப்படும். அடுத்த படியில் பார்க்கப்போகும் டிக்குமட்டின் வழிவந்தவற்றில் 4000 என்ற எண் அடிக்கடி கண்ணில் படும்.

ஆடும்போதே உங்கள் பணி தொடங்கிவிடுகிறது. பெரும்பாலான மட்களில் எழுத்துப்பிழை, நிரற்பிழை, யோசனை ஆகியவற்றைத் தெரிவிக்க டைப்போ, பக், ஐடியா என்று தனித்தனிக் கட்டளைகள் உண்டு. எந்த அறையில் நின்று அனுப்பினீர்கள் என்பதை விளையாட்டே குறித்துக்கொள்ளும். ‘இங்கே ஏதோ தவறு இருக்கிறது’ என்று அனுப்புவது பயனற்றது. ‘கதவைப் பூட்டிய பிறகு மேற்கே போக முயன்றால் கதவு திறந்திருப்பதாகச் செய்தி வருகிறது; மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் இப்படியே வந்தது’ என்று அனுப்பினால், படிப்பவர் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வார். பணியாளர் தேர்வின்போது நிர்வாகிகள் முதலில் புரட்டிப் பார்ப்பது விண்ணப்பத்தை அன்று. இத்தகைய பழைய அறிக்கைகளைத்தான் என்பது என் அனுபவம்.

இரண்டாம் படி: அந்த உலகம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்ளுங்கள்

வெளியிலிருந்து பார்க்கும்போது எல்லா மட்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும், உள்ளே செய்ய வேண்டிய வேலை அதன் வம்சாவளியைப் பொறுத்து முற்றிலும் மாறும். 1989-இல் ஸ்வீடனின் லார்ஸ் பென்ஷோ எழுதிய எல்பிமட், உலகை இயக்கும் டிரைவரையும் உலகின் உள்ளடக்கமான மட்லிப்பையும் இரண்டாகப் பிரித்தது. அங்கே ஓர் அறை என்பது எல்பிசி என்ற மொழியில் எழுதப்பட்ட சிறு நிரல். ஆட்டத்தின் உச்சியை எட்டிய ஆட்டக்காரர் ‘விசார்ட்’ ஆகி, தாமே நிரல் எழுதும் உரிமை பெறுவார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் கணினியியல் துறையில் ஐந்து பேர் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட டிக்குமட்டில் நிலைமை வேறு. அங்கே நிரல் சி மொழியில் இருக்கும். அறை, பாத்திரம், பொருள் ஆகியவை எண்ணிடப்பட்ட தரவுக் கோப்புகளாக இருக்கும். எனவே நிரல் அறியாதவரும் கட்டலாம். மெர்க், ரோம், 1993-இல் வெளிவந்த சர்க்கிள்மட் ஆகியவை இதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

1989-இல் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் எழுதிய டைனிமட்டின் கிளைகளில் சண்டையைவிடப் பேச்சுக்கும் கட்டுவதற்குமே இடம் அதிகம். வந்தவர் எல்லோரும் அறை கட்டலாம். மூ என்ற வகை, ஆட்டத்துக்குள் இருந்தபடியே நிரல் எழுதும் வசதியைப் பொதுமக்களுக்குக் கொடுத்தது. பைத்தான் நிரல்மொழி தெரிந்தவருக்கு, அதிலேயே மட் கட்டுவதற்கான எவெனியா என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. சேருமுன் உதவிக் கோப்பையும் உள்நுழைவுத் திரையையும் பாருங்கள். வம்சாவளி பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.

மூன்றாம் படி: மாதிரி அறைகளை எழுதுங்கள்

கட்டுநர், அதாவது மட் உலகில் பில்டர் எனப்படுபவர், ஆகத்தான் பெரும்பாலோர் உள்ளே நுழைகிறார்கள். விண்ணப்பத்தோடு சில மாதிரி அறைகளைக் கேட்பார்கள். இந்த இடத்தில்தான் புதியவர் தடுக்கி விழுகிறார் என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம். முதல் முயற்சிகளில் வழக்கமாக வரும் வருணனை இப்படி இருக்கும்:

‘இது ஒரு பயங்கரமான இருண்ட குகை. நீங்கள் அச்சத்தில் நடுங்குகிறீர்கள். மாலை வெயில் வாயிலில் மங்கலாக விழுகிறது. ஒரு கிழட்டு ஓநாய் உங்களைப் பார்த்து உறுமுகிறது.’

இதில் நான்கு தவறுகள் உள்ளன. ஓநாயை ஒருவர் கொன்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தாலும் வருணனையில் அது உறுமிக்கொண்டே இருக்கும். ஏனெனில் அறையின் உரை மாறாதது, நடமாடும் பாத்திரமான ‘மாப்’ தனியே ஏற்றப்படுவது. விளையாட்டின் கடிகாரத்தில் நள்ளிரவாக இருக்கும்போதும் இங்கே மாலை வெயில் அடிக்கும். ஆட்டக்காரர் நடுங்குகிறாரா இல்லையா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் அவரே. ஐம்பதாம் நிலை வீரரை ஒரு முயல் வளைக்குள் நடுங்கவைத்த கட்டுநர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைசித் தவறு, ‘பயங்கரமான’ என்ற சொல்லைத் தவிர அந்தக் குகையைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியவில்லை என்பது. இதையே இவ்வாறு எழுதலாம்:

‘கூரை இடுப்பளவுக்குத் தாழ்ந்திருப்பதால் குனிந்துதான் உள்ளே வர முடிகிறது. இடப்புறச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், ஏதோ விலங்கு நெடுங்காலமாக உரசிச் சென்ற தடத்தில் பாறை வழவழப்பாகியிருக்கிறது. கிழக்கே எங்கோ நீர் சொட்டுகிறது.’

இப்போது ஓநாய் இருந்தாலும் இறந்திருந்தாலும் உரை பொருந்தும். அது இங்கே வாழ்கிறது என்ற குறிப்பும் படிப்பவருக்குக் கிடைத்துவிடுகிறது. அடுத்து, வருணனையில் வந்த பெயர்ச்சொற்களை எண்ணுங்கள். கூரை, சுவர், தடம், பாறை, நீர். இவற்றில் எதையாவது உற்றுப்பார்க்க ஆட்டக்காரர் கட்டளை கொடுத்தால், ‘அப்படி எதுவும் இங்கே இல்லை’ என்ற பதில் வரக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை வருணனை எழுதுங்கள். தடத்தில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிற மயிரை ஒருவர் தேடிக் கண்டுபிடிக்கும்போது அவருக்கு வரும் மகிழ்ச்சியை, வாள் ஒன்றைக் கொடுத்து நீங்கள் ஏற்படுத்திவிட முடியாது.

எழுதுவதற்கு முன் கட்டம் போட்ட தாளில் வரைபடம் வரைந்துகொள்ளுங்கள். வடக்கே போனவர் தெற்கே திரும்பினால் புறப்பட்ட அறைக்கே வர வேண்டும். ஒவ்வொரு வழியும் இரண்டு முறை, இரு அறைகளிலிருந்தும், தனித்தனியே பதிவாகிறது என்பதால் ஒரு பக்கத்தை மறப்பது மிக எளிது. கட்டிய பகுதி முழுவதையும் சாதாரணப் பாத்திரமாக நுழைந்து நடந்து பாருங்கள். பணியாளர் பாத்திரத்துக்குப் பூட்டிய கதவும் தடையாக இராது என்பதால், அதைக் கொண்டு சோதித்தால் எதுவும் தெரியவராது.

நான்காம் படி: ஸோன் மீளமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

கொல்லப்பட்ட மாப்களும் எடுத்துச் செல்லப்பட்ட பொருள்களும் குறிப்பிட்ட நிமிட இடைவெளியில் மீண்டும் தோன்ற வேண்டும் அல்லவா? அதைச் செய்வது, ஸோன் எனப்படும் உலகின் ஒவ்வொரு பகுதிக்கும் உரிய ஸோன் கோப்பு. சர்க்கிள் குடும்பத்தில் அதன் ஒரு வரி இப்படி இருக்கும்: ‘எம் 0 5012 1 5030’. எம் என்றால் மாப்பை ஏற்று. 0 என்றால் முந்தைய வரி நிறைவேறியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. 5012 மாப்பின் எண். 1 என்பது உலகில் அது அதிகபட்சம் எத்தனை இருக்கலாம் என்ற வரம்பு. 5030 அறையின் எண்.

எம்மையும் சேர்த்து எண்ணினால் நான்காவதாக வரும் அந்த வரம்பு எனக்கு ஒரு பாடம் புகட்டியது. கோட்டைவாயில் காவலன் ஒருவனுக்கு 1 என்று இட வேண்டிய இடத்தில் 50 என்று இட்டுவிட்டு உறங்கப் போனேன். ஸோன் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மீள்வது; ஒவ்வொரு மீளலிலும் ஒரு காவலன் கூடுதலாக வந்து நின்றான். பத்து மணி நேரம் கழித்து நான் இணைந்தபோது வாயிலில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். காவலனின் பெயரே திரை முழுக்க வரிவரியாக ஓடியது. வழியோடு வந்த புதிய ஆட்டக்காரர்கள் மூவர் இறந்து கிடந்தார்கள். தலைமை நிர்வாகி என்னைத் திட்டவில்லை. இறந்தவர்களின் பொருள்களை என்னையே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பிறகு இந்த ஐந்து மதிப்புகளையும் விளக்கி, அடுத்து வரும் கட்டுநர்களுக்காக ஓர் உதவிக் கோப்பு எழுதவைத்தார். ஸோனை அமைத்ததும் மீளமைப்பை வேண்டுமென்றே பத்து முறை இயக்கி, எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் அன்றிலிருந்து வந்தது.

பொருள்களின் வலிமையைப் பற்றி ஒரே ஒரு சொல். உங்கள் ஸோனில் கிடைக்கும் வாள் உலகிலேயே சிறந்ததாக இருக்க வேண்டும் என்று எல்லாக் கட்டுநருக்கும் தோன்றும். நிர்வாகி தரும் வரம்பு அட்டவணைக்குள் நில்லுங்கள்.

ஐந்தாம் படி: நிரல் பக்கம் போவதானால்

சி மொழியில் எழுதப்பட்ட மட் பெரும்பாலும் ஒற்றைச் சுழற்சியாக ஓடுகிறது. சர்க்கிளில் அது நொடிக்கு 10 முறை சுற்றும். சண்டைச் சுற்று 2 நொடிக்கு ஒருமுறை வரும். நீங்கள் எழுதும் ஒரு செயற்கூறு ஒரு நொடி தாமதித்தால், உலகில் உள்ள எல்லோரும் அந்த ஒரு நொடி உறைந்து நிற்பார்கள். இணைய வருபவரின் கணினிப் பெயரைத் தேடிப் பெறுவதற்குக்கூட இந்தத் தாமதம் ஏற்படும் என்பதால்தான், பெயர்த் தேடலை நிறுத்திவைக்க சர்க்கிளில் ஓர் அமைப்பே இருக்கிறது.

புதியவர் ஏற்படுத்தும் சரிவுகளில் பெரும்பகுதி ஒரே வகையைச் சேர்ந்தது. ஒரு மந்திரத்துக்கு நிரல் எழுதுகிறீர்கள். அது எதிரியைத் தாக்குகிறது. அடியில் எதிரி இறந்து, அவனுடைய நினைவகம் விடுவிக்கப்படுகிறது. அடுத்த வரியில் நீங்கள் அவன் பெயரைக் கேட்கிறீர்கள். உலகம் அங்கேயே விழும், எல்லோருடைய இணைப்பும் அறும். தாக்கும் ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் ‘இவன் இன்னும் இருக்கிறானா?’ என்று சோதிக்கப் பழகுங்கள். புதிய நிரலை ஏற்ற ‘காப்பிஓவர்’ என்ற முறை இருக்கிறது. இணைப்புகளைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, அடியிலுள்ள நிரலை மட்டும் மாற்றிவிடும். எல்பிமட்டில் ஒரு பொருளின் கோப்பை மட்டும் புதுப்பித்தால் போதும். எந்த முறையானாலும், சோதனைக்கென்று வேறொரு போர்ட்டில் ஓடும் நகல் உலகத்தில் ஓட்டிப் பார்க்காமல் மெய்யுலகத்தில் கைவைக்காதீர்கள்.

தமிழில் ஓர் உலகம் கட்ட நினைப்பவருக்கு ஓர் இடைக்குறிப்பு. சர்க்கிளின் உள்ளீட்டுப் பகுதி ஒவ்வொரு பைட்டும் ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி பட்டியலில் உள்ளதா என்று சோதித்து, அல்லாதவற்றை ஓசையின்றிக் கைவிடும். நீங்கள் தமிழில் பேசினால் மறுமுனைக்கு எதுவுமே போகாது. அந்தச் சோதனையைத் தளர்த்திய பிறகும் சிக்கல் தீராது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். ‘கோ’ என்ற ஓரெழுத்துக்கு இரு குறியீடுகள், ஆக 6 பைட். பைட்டை எண்ணி வரியை மடக்கும் பழைய நிரல், எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிடும். பைத்தானில் அமைந்த எவெனியாவில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஆறாம் படி: அதிகாரம் கைக்கு வந்தபின்

உச்சநிலைப் பணியாளருக்கு இம்ப்ளிமென்டர், விசார்ட், காட் என்று குடும்பத்துக்கொரு பெயர். பெயர் எதுவானாலும், ஒரு நாளில் நிரலைவிட மனிதர்களே அவருடைய நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்வார்கள். இதற்குச் சிறந்த பாடம் லாம்டாமூவின் கதையில் உள்ளது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய பேவல் கர்ட்டிஸ் 1990-இல் தொடங்கிய உலகம் அது. வழக்குகளைத் தீர்த்துச் சலித்துப்போன அவர், 1992 டிசம்பரில், விசார்ட்கள் இனித் தொழில்நுட்ப வேலையை மட்டுமே செய்வார்கள், சமூக முடிவுகளில் தலையிடமாட்டார்கள் என்று அறிவித்தார். சில மாதங்களில், 1993-இல், ஓர் ஆட்டக்காரர் நிரல் ஒன்றைப் பயன்படுத்தி, பிறருடைய பாத்திரங்கள் இழிவான பாலியல் செயல்களில் ஈடுபடுவதுபோலப் பொது அறையில் உரை தோன்றச் செய்தார். குடியிருப்போர் கொதித்தார்கள், நெடுநேரம் விவாதித்தார்கள், முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் ஒரு விசார்ட் தனியே முடிவெடுத்து அந்தப் பாத்திரத்தை நீக்கினார். அதன் பிறகு கர்ட்டிஸ், குடியிருப்போர் மனுக்கொடுத்து வாக்கெடுப்பால் முடிவுசெய்யும் முறையை ஏற்படுத்தினார். ஆனால் 1996-இல் விசார்ட்கள் மீண்டும் அறிவிப்பு விடுத்தார்கள். தொழில்நுட்ப முடிவையும் சமூக முடிவையும் பிரிக்க இயலாது, தாங்கள் தேவைப்படும்போது தலையிடுவோம் என்பது அதன் சாரம்.

எனவே, ‘நான் நிரல் மட்டும்தான் எழுதுவேன், சண்டைகளில் தலையிடமாட்டேன்’ என்று சொல்லிக்கொண்டு பொறுப்புக்கு வராதீர்கள். விதிகளை எழுதி எல்லோரும் படிக்கும் இடத்தில் வையுங்கள். தண்டனை கொடுக்குமுன் இன்னொரு பணியாளரிடம் பதிவுகளைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். பிறருடைய திரையை அப்படியே காட்டும் ‘ஸ்னூப்’ கட்டளையை யார், எப்போது, எதற்காகப் பயன்படுத்தினார் என்பது தானாகப் பதிவாகும்படி செய்யுங்கள். நீங்கள் சாதாரணமாக ஆடும் பாத்திரம் சம்பந்தப்பட்ட வழக்கு எவ்வளவு சிறியதானாலும் நீங்கள் தீர்க்கக்கூடாது. உங்கள் தீர்ப்பு நியாயமாகவே இருந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

எந்த மாற்றமும் எல்லோரையும் மகிழ்விக்காது என்பதற்கும் பழைய விளக்கம் ஒன்று உண்டு. முதல் மட்டின் அடுத்த வடிவமான மட்2-வின் மூத்த ஆட்டக்காரர்களிடையே நடந்த நீண்ட விவாதத்தைத் தொகுத்து, 1996-இல் பார்ட்டில் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிப்போர், சுற்றித் திரிந்து அறிவோர், பழகுவோர், பிறரைத் தாக்குவோர். ஒரு வகையினருக்கு வசதி செய்தால் மற்ற வகையினரின் எண்ணிக்கையும் கூடியோ குறைந்தோ போகும் என்பதுதான் அதில் பயனுள்ள பகுதி. வகைப்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு ஆட்களுக்கு முத்திரை குத்துவது வீண்வேலை.

பார்வையற்ற ஆட்டக்காரர்கள் மட் உலகில் கணிசமாக இருக்கிறார்கள். திரைவாசிப்பான் வழியே முழுமையாக ஆடக்கூடிய விளையாட்டு வகை இது. குறியீடுகளால் வரைந்த வரைபடமும் அலங்காரக் கோடுகளும் அவர்கள் காதில் ‘கூட்டல் கழித்தல் கழித்தல் கழித்தல்’ என்று ஒலிக்கும். அவற்றை அணைத்துவைக்கும் தெரிவு இருக்க வேண்டும். நிறத்தால் மட்டும் உணர்த்தப்படும் செய்தி எதுவும் இருக்கக்கூடாது.

ஏழாம் படி: உரிமம், பணம், கடவுச்சொல், பேக்கப்

டிக்குவின் மூல உரிமம் மூன்று செய்திகளில் கண்டிப்பானது. அதைக் கொண்டு லாபம் ஈட்டக்கூடாது. உருவாக்கியவர்களின் பெயர்கள் உள்நுழைவில் இடம்பெற வேண்டும். பதிப்புரிமைக் குறிப்புகளை நீக்கக்கூடாது. சர்வர் செலவுக்கு நன்கொடை வாங்கலாமா என்ற வாதம் பல்லாண்டுகளாக நடக்கிறது. வாங்கினாலும், கொடுத்தவருக்கு ஆட்டத்துக்குள் சலுகை கொடுக்காதிருப்பதே பாதுகாப்பு.

டெல்நெட்டில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே பயணிக்கிறது. கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமிக்கப் பழைய மட்கள் பயன்படுத்தும் மரபான கிரிப்ட் முறையோ முதல் 8 எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுக்கும். வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வைக்கும்படி உள்நுழைவுத் திரையிலேயே எழுதுங்கள். முடிந்தால் மறையாக்கப்பட்ட போர்ட் ஒன்றையும் திறந்துவையுங்கள்.

இணையப் பெயரின் பதிவு, சர்வர் கணக்கு, நிரல் களஞ்சியம் ஆகிய மூன்றின் திறவுகோலும் குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். ஒரே ஒருவர் தொடர்பின்றிப் போனதால் நல்ல நிலையில் இருந்த உலகமே மறைந்துபோவதுண்டு. பேக்கப்பை வேறொரு கணினியில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து உலகை முழுதாக எழுப்பிப் பாருங்கள். அப்போது உலகக் கோப்புகளும் ஆட்டக்காரர் கோப்புகளும் ஒரே நாளின் நகல்களா என்று கவனியுங்கள். ஆட்டக்காரரின் மூட்டையில் பொருள்கள் பெயரால் சேமிக்கப்படுவதில்லை, எண்ணால்தான் சேமிக்கப்படுகின்றன. இடையில் ஒரு கட்டுநர் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுத்திருந்தால், ஆறு மாதம் பாடுபட்டு வாளைச் சம்பாதித்தவர் உள்ளே நுழைந்ததும் கையில் ஒரு ரொட்டித் துண்டைப் பிடித்தபடி நிற்பார். அவர் முதலில் எழுப்புவது உங்களைத்தான்.